புற்றை உடைத்தது யார்?

சங்கரன்கோவில் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஆடித்தபசு. நமக்கு அதோடு கோயில் புற்றுமண்ணும் உண்டு. இங்கிருந்து மேற்கே மலையடிவாரத்துக்குப் போய், உடைந்து கிடக்கும் ஒரு கரையான் புற்றைக் காட்டி இது யார் வேலை என்று கேட்டுப் பாருங்கள். கரடி என்பார் ஒருவர். அழுங்கு என்பார் இன்னொருவர். உடம்பெல்லாம் செதில், வாயில் ஒரு பல் கிடையாது, கரையானையும் எறும்பையும் நீள நாக்கால் நக்கியே உயிர் வாழும் அந்த அழுங்கு. இரவில்தான் நடமாடும் என்பதால் நேரில் பார்த்தவர்கள் குறைவு.

கண்ணில் படாத விலங்கை எப்படி அறிவது? காட்டுக்குள் இருப்பதைக் கணக்கெடுக்க ஆள் உண்டு. புலியை நாலு ஆண்டுக்கு ஒருமுறை தானியங்கிக் கேமரா வைத்து, வரியைப் பார்த்து எண்ணுகிறார்கள். தமிழ்நாட்டில் 2018-ல் 264, 2022-ல் 306. நமக்குப் பக்கத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூரில் சாம்பல் நிற அணிலுக்கென்று 1988-ல் சரணாலயம் அமைத்தார்கள். 2021-ல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. முற்றத்து அணிலைப் போலப் பல மடங்கு பெரியது அது. தரைக்கு அதிகம் இறங்காது. மரத்தலைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் இலையும் குச்சியும் வைத்துப் பந்துபோலக் கூடு கட்டும். நடுவில் ஒரு புளியமரத்தை வெட்டினால் அதன் பாதையே அறுந்துபோகும். ஆய்வாளர்கள் அணிலோடு கூட்டையும் எண்ணுவார்கள். ஆனால் ஒரே அணில் பல கூடு கட்டும். கூட்டுக் கணக்கு அணில் கணக்காகிவிடாது.

இந்த அணிலைப் பற்றி எழுதியவர்களில் ஒருவர் ஏ.ஜே.டி. ஜான்சிங். நாங்குநேரிக்காரர். சிவகாசிக் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவர், எழுபதுகளில் பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களை ஆராய்ந்து பேர் பெற்றார். 2024-ல் காலமானார். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியுமோ!

ஊருக்குக் கிழக்கே கரிசலில் திரியும் நரிக்கும் காட்டுப்பூனைக்கும் மரநாய்க்கும் அப்படித் தலை எண்ணும் நாள் கிடையாது. அங்கே அதிகாலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவரும் ஆடு மேய்ப்பவரும்தான் சாட்சி. ஈரமண்ணில் நாய்த்தடம் அகன்றிருக்கும், நரித்தடம் ஒடுங்கி நீண்டிருக்கும். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரியும். தேதி, நேரம், இடம், அவ்வளவு போதும். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் விவரம் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். அழிவின் விளிம்பில் இருக்கும் விலங்கு என்றால் சரியான இடத்தை அதுவே மறைத்துவிடும்.

வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடாதீர்கள். அழுங்கின் செதிலுக்குக் கள்ளச்சந்தை இருக்கிறது. எந்தத் தோட்டம் என்று தெரிந்தால் மறுநாளே ஆள் வந்து நிற்பான். அழுங்கோ தேவாங்கோ கண்ணில் பட்டால் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். இரண்டும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. 2022 திருத்தத்துக்குப் பிறகு நரியும் அதில்தான்.

சாலையில் அடிபட்டுக் கிடப்பதும் பதிவுதான். ராஜபாளையம் சாலையில் ஒரு மரநாய் செத்துக் கிடந்தால் தொட வேண்டாம், எந்தக் கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கம் என்று குறியுங்கள். ஒரே கல்லுக்குப் பக்கத்தில் திரும்பத் திரும்பப் பதிவு விழுந்தால், அங்கே வேகத்தடை கேட்டு மனு எழுத அதுவே ஆதாரம்.