புதிய மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவது எப்படி?



தண்ணீரின் அருமையை ஷாதிபூர் மக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தனிகாரி அணையில் தண்ணீர் குறைந்தால் இங்கே குழாயிலும் குறையும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. கோடை முற்றினால் தினமும் தண்ணீர் வராது. பக்கெட் பக்கெட்டாக எண்ணித்தான் செலவு செய்ய வேண்டும்.

இப்படிப்பட்ட ஊரிலும் பிள்ளைகள் மீன் தொட்டி கேட்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் பல வீடுகளில் என்ன நடக்கிறது? தொட்டி வாங்கிய அன்றே மீனையும் விடுகிறார்கள். முதல் சில நாள் மீன் துள்ளி விளையாடுகிறது. பிறகு ஒவ்வொன்றாகச் சாகிறது. தண்ணீர் கெட்டுவிட்டது என்று நினைத்து, தொட்டி முழுவதையும் இறைத்துக் கொட்டுகிறார்கள். கல்லைத் தேய்த்துக் கழுவுகிறார்கள். குழாய்த் தண்ணீரை நிரப்பி வேறு மீன் விடுகிறார்கள். அதுவும் சாகிறது. தண்ணீரும் போச்சு, பணமும் போச்சு. பிள்ளையின் அழுகைதான் மிச்சம்.

மீனைக் கொல்வது எது?

மீன் தண்ணீரிலேயே கழிவு விடுகிறது. அந்தக் கழிவிலிருந்தும், மீன் தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. சரியாகக் கழுவாத கழிப்பறையில் மூக்கைத் துளைக்கும் நெடி இருக்கிறதே, அதே அம்மோனியாதான். தொட்டியில் அது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். ஆனால் மீனின் செவுள் வெந்துபோகும்.

அப்படியானால் பழைய தொட்டியில் மீன் எப்படிப் பிழைக்கிறது? அங்கே கண்ணுக்குத் தெரியாத வேலையாட்கள் இருக்கிறார்கள். அவர்கள்தான் நுண்ணுயிர்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சுதான். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் அளவோடு இருந்தால் மீனுக்குக் கெடுதல் இல்லை.

இந்த நுண்ணுயிர்கள் வயல் மண்ணிலும் உண்டு. எருவைப் பயிருக்கு உணவாக்க உதவுவதும் இவைதான். 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் இவற்றைத் தனியே பிரித்துக் காட்டினார்.

புதுத் தொட்டியில் இந்த வேலையாட்கள் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை அந்த வேலையை நம் கைதான் செய்ய வேண்டும். அதற்குத்தான் தண்ணீர் மாற்றுகிறோம்.

எவ்வளவு மாற்றுவது?

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். கல்லும் மேலே விடும் இடமும் போக, சுமார் 48 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் கால் பங்கு 12 லிட்டர். அதாவது ஒரு பக்கெட்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் இந்த ஒரு பக்கெட் மாற்றினால் போதும். தொட்டியில் நான்கு பங்கு நஞ்சு இருந்தால், ஒரு பங்கு வெளியே போகும். மூன்று பங்கு நிற்கும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், செவுள் சிவந்தால், அன்றே பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

"தண்ணீரை மாற்றினால் நுண்ணுயிரும் போய்விடாதா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அவை பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை. கல்லிலும், கண்ணாடியிலும், வடிகட்டும் பஞ்சிலும் ஒட்டி வாழ்கின்றன. ஆகவே தண்ணீரை மாற்றலாம். கல்லையும் பஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவக் கூடாது. பஞ்சு அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே மெதுவாகப் பிழியுங்கள்.

எந்தத் தண்ணீர்?

குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்ல குளோரின் சேர்க்கிறார்கள். அது நமக்கு நல்லது. ஆனால் மீனின் செவுளுக்கும் நல்ல நுண்ணுயிருக்கும் ஆகாது. தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து ஒரு நாள் வையுங்கள். குளோரின் காற்றில் போய்விடும். மெல்லிய துணியால் வாயைக் கட்டுங்கள். இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். அவசரம் என்றால் மீன் கடையில் குளோரின் முறிக்கும் மருந்து கிடைக்கும். புட்டியில் எழுதியுள்ள அளவைப் படித்து அதன்படி ஊற்றுங்கள்.

மழைத் தண்ணீரில் குளோரின் இல்லை. ஆனால் தகரக் கூரையிலிருந்து முதலில் விழும் தண்ணீரைப் பிடிக்காதீர்கள். தூசியும், தகரத்தில் பூசிய துத்தநாகமும் அதில் வரும். பிறகு வருவதையும் குழாய்த் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். வெறும் மழைத் தண்ணீரில் தாது உப்பு இல்லை. அது நுண்ணுயிருக்குப் போதாது.

தண்ணீரை மிச்சப்படுத்தும் வழி

மீன் குறைந்தால் கழிவு குறையும். கழிவு குறைந்தால் தண்ணீரும் குறைவாகச் செலவாகும். முதலில் ஐந்தாறு சிறிய ஜீப்ரா மீன் போதும். தங்க மீன் கழிவு அதிகம் விடும். அது புதுத் தொட்டிக்கு ஏற்றதல்ல. ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை தீனி, இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவு போடுங்கள்.

நோயில்லாத பழைய தொட்டி அக்கம்பக்கத்தில் இருந்தால், ஒரு பிடி கல் கேட்டு வாங்குங்கள். ஈரம் காயாமல் கொண்டுவந்து போடுங்கள். வேலையாட்கள் அதனோடு வந்துவிடுவார்கள்.

எடுத்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மிளகாய்ச் செடிக்கும் கறிவேப்பிலைக்கும் அது நல்ல உரம்.

எழுதி வையுங்கள்

ஒரு நோட்டில் தேதி, மாற்றிய லிட்டர், மீனின் நிலை ஆகிய மூன்றையும் எழுதுங்கள். அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளக்கும் சொட்டு மருந்து கிடைத்தால், வரும் எண்ணையும் எழுதுங்கள். 0.5 என்றால் அரை. அந்த அளவு வந்தால் உடனே தண்ணீரை மாற்ற வேண்டும். இரண்டும் 0 என்று ஒரு வாரம் தொடர்ந்து வந்தால் தொட்டி பழகிவிட்டது. அதன் பிறகு வாரம் ஒரு பக்கெட் மாற்றினால் போதும்.

தொட்டியை ஒரே நாளில் காலி செய்து கழுவினால் ஏழெட்டுப் பக்கெட் போகும். மீனும் பிழைக்காது. அதே ஏழெட்டுப் பக்கெட்டை இரண்டு வாரத்துக்குப் பிரித்து ஊற்றினால் மீன் பிழைக்கும். செலவு ஒன்றுதான். பொறுமையும் கணக்கும்தான் வேறு.