மூச்சுக்குத் துணை நிற்கும் தொழில்

(பங்கின் ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் – இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மனிதன் நாளொன்றுக்கு 21,600 முறை மூச்சு விடுகிறான் என்று நம் பெரியோர்கள் கணக்குச் சொல்லி வைத்தார்கள். நிமிடத்துக்குப் பதினைந்து என்று வைத்து இருபத்து நான்கு மணி நேரத்துக்கும் பெருக்கிப் பாருங்கள், கணக்குச் சரியாக வரும். ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு என்றே இன்றைய மருத்துவ நூல்களும் கூறுகின்றன. இத்தனை மூச்சில் ஒன்றையாவது நாம் நினைத்துப் பார்ப்பதுண்டா? அது தடைப்படும்போதுதான் நினைவு வருகிறது. தடைப்பட்ட பிறகோ யோசிக்க நேரமில்லை. நான்கைந்து நிமிடம் பிராணவாயு போகாவிட்டால் மூளை கெடத் தொடங்கிவிடும்.

அந்த நேரத்தில் நோயாளியின் தலைமாட்டில் நிற்பதற்கென்றே பயின்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களைச் சுவாச சிகிச்சையாளர்கள், ஆங்கில வழக்கில் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்டுகள் என்பர். விழுப்புரத்தில் ஒருவரும் திண்டிவனத்தில் ஒருவருமாக இந்த வேலையில் இருக்கும் எங்கள் இருவரையும் பேசும்படி பணித்தார்கள். "டாக்டர், நர்ஸ், லேப் டெக்னீஷியன் தெரியும், இது என்ன புதிதாக?" என்று கேட்போருக்கு விடை சொல்ல முயல்கிறோம்.

இவர் செய்யும் வேலை என்ன?

மருத்துவர் நோயை அறிந்து சிகிச்சையை முடிவு செய்கிறார். மூச்சைப் பற்றிய பகுதியை இவர் கையிலெடுத்து நடத்துகிறார். வீசிங் வந்தவருக்கு நெபுலைசர் வைப்பது, இன்ஹேலரை எப்படி இழுக்க வேண்டும் என்று கற்பிப்பது, யாருக்கு எவ்வளவு ஆக்சிஜன் என்று அளந்து கொடுப்பது, மணிக்கட்டு இரத்தக் குழாயிலிருந்து இரத்தம் எடுத்து அதிலுள்ள வாயுக்களின் அளவைப் பார்ப்பது, நுரையீரலின் கொள்ளளவை ஊதச் சொல்லி அளப்பது, தொண்டையில் துளையிட்டவருக்குச் சளியை உறிஞ்சி எடுப்பது, குறைமாதக் குழந்தையின் மூக்கு வழியே மெல்லிய காற்றழுத்தம் கொடுப்பது, இவையெல்லாம் அன்றாட வேலைகள். வென்டிலேட்டரில் இருப்பவரின் பொறியை மணிக்கு மணி கவனித்து மாற்றியமைத்து, அவர் தாமே மூச்சு விடும் நாளுக்கு அவரைத் தயார் செய்வது இவற்றின் சிகரம். பொறியில் ஏற்றுவதைக் காட்டிலும் இறக்குவதற்கே பொறுமையும் அறிவும் மிகுதியாக வேண்டும்.

தொழில் பிறந்த கதை

1928-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிலிப் டிரிங்கரும் லூயிஸ் ஷாவும் 'இரும்பு நுரையீரல்' என்ற பெட்டியை உருவாக்கினார்கள். இளம்பிள்ளை வாதத்தால் மூச்சுத் தசைகள் செயலிழந்தவரைக் கழுத்து வரை அதற்குள் படுக்க வைப்பார்கள். ஆனால் 1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் அந்நோய் கொள்ளையாகப் பரவியபோது, அங்கிருந்த சில பொறிகள் போதவில்லை, பலனும் தரவில்லை. முதல் மூன்று வாரங்களில் மூச்சுத் தசை பாதிக்கப்பட்டுப் பொறியில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். அப்போது பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தொண்டையில் துளையிட்டு, குழாய் பொருத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றுச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். பிறகு ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாக, வாரக்கணக்கில் பைகளை அழுத்திக்கொண்டிருந்தார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வித்திட்டவை அந்தக் கைகளே.

இன்னொன்றையும் கவனியுங்கள். அமெரிக்க மருத்துவமனைகளில் ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போன சாதாரண ஊழியர்களிடமிருந்துதான் இத்தொழில் வளர்ந்தது. அவர்களும் சில மருத்துவர்களும் கூடி 1947-இல் சிகாகோவில் ஒரு சங்கம் அமைத்தார்கள், கற்றார்கள், தேர்வு வைத்தார்கள். சிலிண்டர் உருட்டியவர்கள் கல்வியால் சிகிச்சையாளர்கள் ஆனார்கள். பாடுபட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நம் குடும்பங்களுக்கு இதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்?

நம் வட்டாரத்தில் இதற்கென்ன தேவை?

நம் மாவட்டம் வயலும் வரப்புமான மாவட்டம். இரவில் தரையில் படுத்துறங்குபவரைக் கட்டுவிரியன் கடித்தால் பல சமயம் வலியும் இருப்பதில்லை, பல்தடமும் தெரிவதில்லை. விடியற்காலையில் வயிற்றுவலி என்பார், இமை தொங்கும், எச்சில் விழுங்க முடியாது, பிறகு மூச்சுத் தசைகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்துவிடும். விஷமுறிவு மருந்தோடு சில நாட்கள் வென்டிலேட்டரில் வைத்துக் காத்தால், அந்தச் செயலிழப்பு நீங்கி அவர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார். பூச்சி மருந்து விஷமும் அப்படியே மூச்சைப் பிடிக்கும். சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் விபத்தில் தலையிலோ மார்பிலோ அடிபட்டவர்களையும் எண்ணிக்கொள்ளுங்கள். 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்தவர்களை முண்டியம்பாக்கத்துக்கும் புதுவைக்கும் தூக்கிக்கொண்டு ஓடியதை யாரும் மறந்திருக்க முடியாது.

இவை திடீரென்று வருபவை. மெல்ல வந்து தங்குபவை வேறு. விறகடுப்பின் முன் ஆயுள் முழுதும் ஊதுகுழலோடு உட்கார்ந்த தாய்மார்களின் ஈளை, பீடியின் இருமல், காசநோய் ஆறியும் சுருங்கிப்போன நுரையீரல், அரிசி ஆலைத் தூசு, வானூர், திருவக்கரைப் பக்கத்துக் கல்குவாரிப் புழுதி. இவர்களுக்குப் பெரும்பாலும் பொறி வேண்டியதில்லை. சரியாக மருந்திழுக்கவும் சரியாக மூச்சு விடவும் பழக்கிக் கொடுக்கும் ஒருவர் வேண்டும்.

முன்பு இத்தகைய நோயாளியைப் புதுவைக்கோ சென்னைக்கோ கொண்டுபோவதே வழக்கம். 2008-இல் தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2010-இல் முண்டியம்பாக்கத்தில் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 2020, 2021-ஆம் ஆண்டுகளின் கொரோனாக் காலம் ஆக்சிஜன் என்ற சொல்லை ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் கொண்டுவந்தது. அந்நாட்களில் கருவிகளை வாங்கிச் சேர்க்க முடிந்தது. ஆனால் கருவியை இயக்கத் தெரிந்த கைகளை ஒரே வாரத்தில் வாங்க முடியுமா? அதற்கு நான்கு ஆண்டுகள் ஆகும்.

எப்படிப் படிப்பது?

பட்டப்படிப்பின் பெயர் பி.எஸ்ஸி. ரெஸ்பிரேட்டரி தெரபி. மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியுமாக நான்கு ஆண்டுகள். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். ஆகவே பத்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகள் பதினொன்றில் பிரிவு தேர்ந்தெடுக்கும்போதே இதை மனத்தில் வைக்க வேண்டும். மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு ஆண்டுதோறும் நடத்தும் துணை மருத்துவப் பட்டப்படிப்புக் கலந்தாய்வில் இதுவும் ஒன்று. அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்து அதன்படி விண்ணப்பிக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளில் நடக்கும் ஓராண்டுச் சான்றிதழ்ப் பயிற்சிகளிலும் 'ரெஸ்பிரேட்டரி தெரபி டெக்னீஷியன்' உண்டு. நான்காண்டு படிக்க வசதியில்லாதவர் அதில் தொடங்கலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் கர்நாடகத்தின் மணிப்பாலிலும் பட்டப்படிப்பு உண்டு. மணிப்பாலில் மேற்பட்டமும் படிக்கலாம்.

உள்ளதை உள்ளபடியே சொல்வது எங்கள் கடமை. தொடக்கச் சம்பளம் சிறியது. இரவுப்பணியும் பண்டிகை நாள் பணியும் தவறாமல் வரும். அரசுத் துறையில் இதற்கென்ற பணியிடங்கள் குறைவு, சிறிய மருத்துவமனைகளில் நர்ஸ்களே இவ்வேலையையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். வெளிநாடு செல்லலாம் என்பது உண்மையே, ஆனால் விமானச் சீட்டு மட்டும் போதாது. வளைகுடா நாடுகளில் அந்தந்த நாட்டு உரிமம் பெற வேண்டும். அமெரிக்காவிலோ அங்கே அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்தவரையே தேர்வெழுத அனுமதிக்கிறார்கள். இவற்றையெல்லாம் அறிந்து வருபவர் ஏமாற மாட்டார், நிலைத்து நிற்பார்.

ஏமாறாதிருக்க

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம். ஊரையும் பெயரையும் சொல்வதற்கில்லை. தாய் நகையை அடகு வைத்து மகளை 'பாராமெடிக்கல்' என்று பலகை மாட்டிய ஒரு நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகள் படிக்க வைத்தாள். வண்ணத்தாளில் சான்றிதழ் வந்தது. அதை எடுத்துக்கொண்டு பெண் நான்கு மருத்துவமனைகளுக்குச் சென்றாள். நான்கிலும் கேட்ட முதற்கேள்வி, "எந்தப் பல்கலைக்கழகம்?" என்பதே. பதில் இல்லை. இன்று அவள் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள், நகை இன்னும் மீளவில்லை. அந்தப் பெண்ணிடம் அறிவுக்குக் குறைவில்லை. கட்டணம் கட்டுமுன் என்ன கேட்க வேண்டும் என்று அவ்வீட்டாருக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.

ஆகவே பெற்றோர்களே, பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தப் படிப்பு எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது? தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் என்று சொன்னால், இணைப்புப் பட்டியலில் அந்தக் கல்லூரியும் அந்தப் படிப்பும் இரண்டும் இருக்கின்றனவா? பயிற்சி எந்த மருத்துவமனையில், அங்கே வென்டிலேட்டர்கள் ஓடும் தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா? நோயாளியையே காணாமல் இத்தொழிலைக் கற்க முடியாது. 2021-இல் நாடாளுமன்றம் இயற்றிய தேசிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழிலர் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் சுவாசத் தொழில்நுட்பரும் இடம்பெற்றிருக்கிறார். தகுதி பெற்றோரின் பதிவேடு வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. அங்கீகாரமில்லாத சான்றிதழ் இனி முன்னிலும் பயனற்றதாகும்.

படிப்பு முடிவதில்லை

பட்டம் வாங்கியதோடு புத்தகத்தை மூடிவிடலாமா? ஓர் உதாரணம் சொல்கிறோம். நுரையீரல் கடுமையாக வீங்கிய நோயாளிக்கு, அவர் உயரத்தைக் கொண்டு கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 12 மில்லி காற்றுச் செலுத்துவது ஒரு காலத்து வழக்கம். 861 நோயாளிகளைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்று 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 6 மில்லி மட்டும் செலுத்தியபோது இறப்பு நூற்றுக்கு 40 என்பதிலிருந்து 31 ஆகக் குறைந்தது. பொறி அதே பொறி, திருகிய அளவுதான் வேறு. அதன் பின்னும் படிக்காமல், "நான் கற்றது இதுதான்" என்று பழைய அளவையே வைத்தவரின் கையில் எத்தனை உயிர்கள் நலிந்திருக்கும்!

ஆக்சிஜனும் அப்படியே. கூடக் கொடுத்தால் நல்லதுதானே என்று தோன்றும். நாட்பட்ட ஈளை நோயாளிகள் சிலருக்கு அளவுக்கு மிஞ்சிய ஆக்சிஜனே கரியமில வாயுவை உடலில் தேக்கி மயக்கத்தில் ஆழ்த்திவிடும். அவர்களுக்கு விரலில் மாட்டும் கருவி 88 முதல் 92 வரை காட்டினாலே போதும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழி தீவிர சிகிச்சைப் பிரிவிலும் செல்லுபடியாகும்.

எனவேதான் அமெரிக்க ஹார்ட் அசோசியேஷன் தரும் உயிர்காப்புப் பயிற்சிச் சான்று இரண்டே ஆண்டுகள் செல்லும். அமெரிக்கத் தேர்வு வாரியமும் சுவாச சிகிச்சையாளரின் தகுதியை ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்கச் சொல்கிறது. நம் நாட்டிலும் இந்தியச் சுவாசப் பராமரிப்புச் சங்கம் இருக்கிறது, கருத்தரங்குகள் நடக்கின்றன. ஏற்கெனவே வேலையிலிருக்கும் நம் பங்கு நர்ஸ்களும் டெக்னீஷியன்களும் அவற்றுக்குச் செல்லுங்கள். ஒருநாள் விடுப்புப் போகிறதே என்று எண்ணாதீர்கள்.

முடிவாக மூன்று வேண்டுகோள்

முதலாவது, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகள் வரும் வாரத்தில் பங்கு மண்டபத்தில் ஒரு மாலை நேரம் ஒதுக்கித் தாருங்கள். விண்ணப்பம் நிரப்பவும், கல்லூரியின் அங்கீகாரத்தைச் சரிபார்க்கவும் நாங்கள் உடனிருந்து உதவுவோம். எந்த மதத்துப் பிள்ளையானாலும் வரலாம்.

இரண்டாவது, ஜூபிலிக்கு வாணவேடிக்கையும் மின்விளக்கும் வேண்டியவையே. அவற்றோடு, பயிற்சிக் காலத்தில் பஸ் கட்டணமும் விடுதிச் செலவும் தாங்க முடியாத ஒரு பிள்ளைக்காவது உதவும் நிதி ஒன்றை இந்த ஆண்டு தொடங்குவோம்.

மூன்றாவது, வீட்டில் இன்ஹேலர் பயன்படுத்தும் முதியவர்கள் அதை எடுத்துக்கொண்டு அந்த மாலையில் வாருங்கள். எப்படி இழுக்கிறீர்கள் என்று பார்த்து, பிழையிருந்தால் திருத்தித் தருகிறோம். இழுத்த பின் வாய் கொப்பளிக்க வேண்டும் என்பதை இன்றே நினைவில் வையுங்கள்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இன்றிரவும் யாரோ ஒருவர் மூச்சுக்குத் திணறுவார். அவர் தலைமாட்டில் நிற்கப்போகிறவர் இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒருவராக இருக்கட்டும் என்ற விருப்பத்தோடு விடைபெறுகிறோம்.