‘கிளியர் செல்’ என்பதன் பொருள்



வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமை குறித்துப் பேசுமாறு நம்மைப் பணித்தனர். பெருமை பேசுதற்கு இன்று பலர் உளர். நாம் ஒரு மருத்துவ அறிக்கையைப் பற்றிப் பேச விழைகின்றோம்.

நம்மிடம் பயின்று, இப்போது கல்லூரியில் வணிகவியல் படிக்கும் மாணவி ஒருத்தி சென்ற ஆண்டு ஒரு தாளுடன் நம் இல்லம் வந்தாள். அவள் தந்தையார் கொத்தனார். ஒரு நாள் அவருக்குச் சிறுநீர் சிவந்து போயிற்று. வலி சிறிதும் இல்லை. உடற்சூடு என்று கருதி இளநீர் பருகினார்; மூன்றாம் நாள் நிறம் மாறியது. நான்கு திங்கள் கழித்து மீண்டும் வந்தது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையோடு மறைந்தது. வீட்டில் எவரிடமும் சொல்லவில்லை. கூலி போகும் என்ற அச்சம் ஒருபுறம், வெட்கம் மறுபுறம். மூன்றாம் முறை மகள் அறிந்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். இடப்பக்கச் சிறுநீரகத்தில் கட்டி. அறுவை செய்து அகற்றினர்.

அதன்பின் வந்த அறிக்கையே அத்தாள். “ஐயா, இதில் ‘கிளியர் செல்’ என்று போட்டிருக்கிறார்கள். அப்பா, எல்லாம் கிளியர் ஆகிவிட்டது, இனி ஸ்கேனுக்கு வரமாட்டேன் என்கிறார். அது சரியா?” என்று கேட்டாள்.

நாம் பயின்றது வரலாறு. அன்று நம்மால் விடை கூற இயலவில்லை. பின்னர் மருத்துவர்களைக் கேட்டும் நூல்களைப் பார்த்தும் அறிந்தவற்றை இங்கே வைக்கின்றோம்.

நம் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. வடித்த நீரிலிருந்து உடலுக்கு வேண்டியவற்றை மீட்டெடுக்கும் சுருள் குழல்கள் அவற்றைத் தொடர்கின்றன. அக்குழல்களின் உட்சுவர்ச் செல்களில் தோன்றுவதே இப்புற்று. பெரியவர்களுக்கு வரும் சிறுநீரகப் புற்றுகளில் பத்தில் ஏழு இவ்வகையினவே. இச்செல்களில் கொழுப்பும், கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளும் நிறைந்திருக்கும். நுண்ணோக்கியில் பார்ப்பதற்காகத் திசுவைப் பதப்படுத்தும்போது அவை கரைந்துபோக, செல்லின் உள்ளிடம் வெறுமையாய், கண்ணாடிபோல் தெரியும். அதனால் ‘கிளியர்’ என்றனர். அது செல்லின் தோற்றத்தைக் குறிப்பது. நோய் நீங்கியதைக் குறிப்பது அன்று.

இத்தோற்றம் அறிஞரையே மயக்கியதுண்டு. நம் பரங்கிமலையில் எம். சி. ராஜா பிறந்த அதே 1883ஆம் ஆண்டில், ஜெர்மானியரான பால் கிராவிட்ஸ், இக்கொழுப்பைக் கண்டு, சிறுநீரகத்தின் மேலமர்ந்த அட்ரினல் சுரப்பியின் செல்கள் இடந்தவறி வந்து வளர்ந்தவை இவை என்று எழுதினார். கருத்து தவறு எனத் தெளிந்த பின்னும், அதையொட்டி எழுந்த ‘ஹைப்பர்நெஃப்ரோமா’ என்னும் பெயர் நெடுநாள் வழங்கியது. பிறப்பிடத்தைத் தவறாகச் சொல்லிச் சூட்டிய பெயர் எளிதில் அழிவதில்லை. இது நமக்குப் புதிய செய்தியன்று!

உண்மைக் காரணம் 1993இல் புலப்பட்டது. மூன்றாம் குரோமோசோமின் குட்டைக் கையில் வி.எச்.எல். என்னும் மரபணு உள்ளது. செல்லுக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்கும்போது, ‘மூச்சு போதவில்லை, புது இரத்தக் குழாய்களை வரவழை’ என்று முழங்கும் புரதத்தை அடக்கிவைப்பது அதன் பணி. அம்மரபணு பழுதுபட்டால் அடக்குவார் இல்லை. காற்று நிறைந்திருந்தும் செல் மூச்சுத் திணறுவதாகவே நடந்துகொள்ளும்; இரத்தக் குழாய்கள் கட்டியைச் சூழ்ந்து வளர்ந்து அதற்கு உணவளிக்கும். செல்கள் ஆக்சிஜனை உணரும் இவ்வழியைக் கண்டறிந்தமைக்கே கேலின், ராட்கிளிஃப், செமன்சா மூவரும் 2019இல் நோபல் பரிசு பெற்றனர். இம்மரபணுப் பழுது பெரும்பாலோர்க்கு வாழ்நாளில் அக்கட்டியின் செல்களில் மட்டும் நேர்வது. சில குடும்பங்களில் மட்டுமே அது வழிவழி வரும். இளவயதிலேயே, இரு சிறுநீரகங்களிலும் கட்டிகள் காணும். முன்வினை என்று எவரும் சொல்லின் நம்பாதீர்கள்.

நோயை அறிவது எவ்வாறு? சிறுநீரில் இரத்தம், விலாப்புற வலி, கைக்குத் தட்டுப்படும் கட்டி இம்மூன்றும் கூடி வரட்டும் எனக் காத்திருப்பது தவறு. அவை கூடும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். சிறுநீரில் இரத்தம் கல்லாலும் கிருமியாலும் வரலாம். அஞ்சி நடுங்க வேண்டா. ஆயினும் ஒருமுறை வந்து தானே நின்றாலும் காரணம் அறிந்தே தீரவேண்டும். சிறுநீர்ச் சோதனை, வயிற்று அல்ட்ராசவுண்டு, ஐயமிருப்பின் மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன் என்பது முறை. இரத்த ஓட்டம் மிகுந்த கட்டியாதலின் அம்மருந்து பாய்ந்து படத்தில் பளிச்செனத் தெரியும். ‘கிரியாட்டினின் சரியாக இருக்கிறது’ என்று ஆறுதலடையலாகாது. மற்றொரு சிறுநீரகம் முழுப் பணியையும் தாங்கிக்கொண்டிருக்கும். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகச் சிறு கட்டி தெரிவதும் மிகுதி. அத்தகையோர்க்குச் சிறுநீரகம் முழுவதையும் எடுக்காது கட்டியை மட்டும் நீக்கவும் பல வேளைகளில் இயலும்.

நம் தாம்பரத்தில் 1928இல் சௌரிமுத்து அவர்கள் காசநோய்க்கெனச் சானடோரியம் தொடங்கினார். சளியில் இரத்தம் கண்டால் சானடோரியத்துக்குப் போ என்று நம் பாட்டிமாரும் சொல்வர். சிறுநீரில் இரத்தம் கண்டாலோ இளநீர் குடி என்கிறோம்! அச்சொல் மாறவேண்டும்.

புகைபிடித்தல், உடற்பருமன், இரத்தக் கொதிப்பு ஆகியவை இந்நோய்க்கு இடமளிப்பவை. தொழிற்சாலை செல்லும் இளைஞர்க்கு ஒன்று: உலோக உறுப்புகளின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் டிரைக்குளோரோ எத்திலீன் என்னும் கரைப்பானும் சிறுநீரகப் புற்றை விளைவிப்பதாகும். பீப்பாயில் ஒட்டியிருக்கும் பெயரைப் படியுங்கள். கையுறையும் காற்றோட்டமும் கேளுங்கள்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை 1954இல் எழுந்தது. சென்னை அரசு பொது மருத்துவமனையும் நமக்கு ரயில் தொலைவில்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை நோய் வந்தபின் தேடாமல் இப்போதே பெற்று வையுங்கள்.

அம்மாணவிக்கு நாம் விடை சொன்னபோது பத்து நாள்கள் கழிந்திருந்தன. இந்நோய் பல ஆண்டுகள் கழிந்தும் நுரையீரலிலோ எலும்பிலோ தலைகாட்டக்கூடும். ஆகவே குறித்த நாளில் ஸ்கேன் தவறலாகாது என்றோம். தந்தையாரையும் அழைத்துவரச் சொல்லி, அறிக்கையை வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டினோம். கேட்டு முடித்தபின் அவர், “இதை அன்றைக்கே தமிழில் எழுதியிருக்கலாமே, ஐயா” என்றார். மறு வாரம் ஸ்கேனுக்குச் சென்றார். அடுத்ததற்கும் சென்று வந்திருக்கிறார். அடுத்த தேதியை மகள் சுவரில் எழுதி வைத்திருக்கிறாள்.