தாய்ப்பாலுக்கான ஆயத்தம் கருவுற்ற காலத்திலேயே தொடங்கட்டும்

(பிரித்தானியாவில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



குழந்தை பிறக்கவிருக்கும் வீடுகளில் நாம் எவற்றையெல்லாம் ஆயத்தம் செய்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். தொட்டில், தள்ளுவண்டி, உடுப்புகள், மகிழுந்து இருக்கை எனப் பட்டியல் நீளும். ஆனால் பிறந்த முதல் மணித்தியாலத்திலிருந்தே குழந்தைக்குத் தேவைப்படும் உணவைப் பற்றி, "பால் தானாகச் சுரக்கும்" என்பதற்கு அப்பால் நாம் பேசுவதில்லை. பால் சுரப்பது இயற்கைதான். ஆயினும் பாலூட்டுவது, தாயும் சேயும் பழகிக் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று. கற்பவருக்கு அருகில் ஒரு துணை வேண்டும். அந்தத் துணையைக் குழந்தை பிறப்பதற்கு முன்னரே தேடி வைக்க வேண்டும் என்பதே நான் இன்று வலியுறுத்த விரும்புவது.

தாயகத்தில் இத்துணை தேடாமலே கிடைத்தது. அம்மாவும் மாமியும் பெரியம்மாவும் வீட்டில் நின்றார்கள். குடும்பநல மருத்துவமாது வாசலுக்கே வந்தார். இலங்கையில் 2016இல் நடத்தப்பட்ட குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதமானோர் தாய்ப்பாலை மட்டுமே பருகினர். பிரித்தானியாவில் 2010இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்போ வேறொன்றைக் காட்டியது. 81 சதவீதமான தாய்மார் பாலூட்டத் தொடங்கினர். ஆறு வாரத்தில் தாய்ப்பாலை மட்டும் கொடுத்தோர் 23 சதவீதத்தினரே. மூன்று மாதத்தில் 17 சதவீதத்தினரே. இந்நாட்டுத் தாய்மாரின் உடலில் குறையில்லை. தொடங்கியவரைத் தாங்கிப் பிடிக்கும் கைகளே குறைவு. நுழைவுரிமை கிடைக்காமல் அம்மா வர முடியாத நம் வீடுகளில் அக்குறை இன்னும் பெரிது.

அப்படியானால் கருவுற்ற காலத்தில் என்ன செய்யலாம்?

முதலாவது, அறிவு. கருக்காலத்தின் நடுப்பகுதியிலிருந்தே மார்பில் சீம்பால் உருவாகத் தொடங்குகிறது. கடும்புப்பால் என்று நம்மவர் சொல்லும் இது மஞ்சள் நிறமானது, கெட்டியானது, அளவிலும் மிகச் சிறியது. பச்சிளங் குழந்தையின் வயிறும் சிறியதே. முதல் நாள்களுக்கு அதுவே போதும். பிறந்து இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் பால் பெருகும். இதை அறியாததால்தான், "பால் வரவில்லை, பிள்ளை பசியில் அழுகிறது" என்று இரண்டாம் நாளே பால்மாப் போத்தல் வீட்டுக்குள் வருகிறது. குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் சுரக்கும். போத்தல் இடையில் புகுந்தால் மார்பில் குடிப்பது குறையும், சுரப்பும் குறையும். 24 மணித்தியாலத்தில் 8 முதல் 12 தடவைகள் வரை பாலூட்டுவது இயல்பானதே. ஏழாம் நாளிலிருந்து நாளொன்றுக்குக் குறைந்தது ஆறு அணையாடைகள் நன்கு நனைந்திருப்பது, போதிய பால் கிடைப்பதற்கு ஓர் அடையாளம்.

இரண்டாவது, எழுத்து. பிறந்தவுடன் குழந்தையைத் தாயின் மார்பில் தோலோடு தோலாகக் கிடத்த வேண்டும் என்பதையும், முதல் மணித்தியாலத்திலேயே பாலூட்ட விரும்புவதையும் பிரசவத் திட்டத்தில் எழுதி வையுங்கள். கர்ப்பகால நீரிழிவு தெற்காசியப் பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. அத்தகைய தாய்மாரின் குழந்தைகளுக்குப் பிறந்ததும் குருதியில் சர்க்கரை குறையக்கூடும். கடைசி வாரங்களில் சீம்பாலைக் கையால் பீய்ச்சிச் சேமித்து வைப்பது இவர்களுக்கு உதவலாம். ஆனால் இது எல்லோருக்கும் பொருந்தாது. உங்கள் மருத்துவமாதுவிடம் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும்.

மூன்றாவது, ஆட்கள். வைத்தியசாலையில் பாலூட்டலுக்கு உதவும் குழு எது, அருகிலுள்ள பாலூட்டும் தாய்மாரின் சந்திப்பு எங்கே, எந்நாளில் நடக்கிறது என்பவற்றை ஏழாம் மாதத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தேசியத் தாய்ப்பால் உதவித் தொலைபேசி எண் 0300 100 0212. ஆங்கிலம் தடையாக இருந்தால், தேசிய சுகாதார சேவையில் கட்டணமின்றி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். முலைக்காம்பு புண்பட்டு வலிக்கும்போது பல்லைக் கடித்துப் பொறுப்பது வீரமன்று. பெரும்பாலும் குழந்தை மார்பைப் பற்றும் முறையைச் சரிசெய்தாலே வலி தணியும். அதைக் கண்டு சொல்லத்தான் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

கணவன்மாருக்கும் ஒரு சொல். மனைவியின் கர்ப்பகாலப் பரிசோதனைகளுள் இரண்டுக்கு, ஊதியமின்றியேனும், விடுப்பு எடுத்துச் செல்ல 2014 முதல் பணிபுரியும் தந்தையருக்குச் சட்டம் இடமளிக்கிறது. உடன் செல்லுங்கள். தாய் பாலூட்டும்போது தண்ணீர் கொடுப்பதும், அணையாடை மாற்றுவதும், வந்து நிற்கும் விருந்தினரை அளவோடு அனுப்பி வைப்பதும் உங்கள் பங்கு.

பாட்டிமாரே, உங்கள் பத்தியக் கறியும் சரக்கும் அன்பின் வெளிப்பாடுகள். அவை தாய்க்கு. குழந்தைக்குச் சீனித்தண்ணீரோ தேனோ வேண்டாம். ஒரு வயதுக்கு முன் தேன் கொடுப்பது கடும் நோய்க்கு வழிவகுக்கலாம். முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டும், அதன்பின் ஏனைய உணவுகளோடு இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆனாலும் வெயில் குறைந்த இந்நாட்டில், தாய்ப்பால் பருகும் குழந்தைக்கு விற்றமின் டி துளிகள் பிறப்பிலிருந்தே தேவை.

திருமண மண்டபத்திலும் கோயில் மண்டபத்திலும் வெட்கத்தால் போத்தலை நாடும் தாய்மார் பலர். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், பொது இடத்தில் பாலூட்டும் தாயை வெளியேறச் சொல்வதைத் தடுக்கிறது. சட்டம் தரும் அந்த மதிப்பை நம் பார்வையும் தர வேண்டும். அதேபோல், நோயினாலோ மருந்தினாலோ வேறு காரணத்தாலோ பால்மா கொடுக்கும் தாயை ஒருவரும் பழிக்கக் கூடாது. துணை என்பது அவருக்கும் உரியது.

இளையோரே, நம் உறவுகள் பலர் வாழும் நோர்வேயில், தாய்ப்பாலூட்டல் அருகிவந்த காலத்தில், 1968இல் தாய்மார் சிலர் ஒன்றுகூடி ஏனைய தாய்மாருக்கு உதவும் அமைப்பொன்றைத் தொடங்கினர். அது நாடு முழுவதும் பரவியது. அவர்கள் மருத்துவர்களாக இருந்து அல்ல, பாலூட்டிய அனுபவத்தைக் கொண்டே பிறருக்குத் துணை நின்றனர். இங்கும் பாலூட்டிய பெண்களுக்கு அத்தகைய பயிற்சி வழங்கப்படுகிறது. ஆங்கிலமும் தமிழும் அறிந்த நம் பெண்களில் ஊருக்கு இருவர் அப்பயிற்சியைப் பெற்றால், நள்ளிரவில் அழும் குழந்தையோடு தனித்திருக்கும் ஒரு தாய்க்குத் தன் மொழியில் பேச ஒரு குரல் கிடைக்கும். இன்று இங்கு வந்திருப்பவர்களில் யார் அந்த முதல் இருவர்? உங்கள் பெயர்களை இக்கூட்டம் கலையும் முன் எம்மிடம் தாருங்கள்.