அமெரிக்கக் கல்லூரிக்கு இடையில் மாறிச் செல்லும் பிள்ளைகளுக்கு

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் உயர்தர வகுப்பு மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரை)



இந்த மேடையில் நாம் கடைசியாக ஏறியது ஒன்பதாம் வகுப்பு நாவன்மைப் போட்டிக்கு. மனனம் செய்தது பாதியில் மறந்துபோய் இறங்கினோம். இன்றைக்குத் தாளோடு வந்திருக்கிறோம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் வசிக்கும் எங்கள் வகுப்புத் தோழிகள் ஐவர் சார்பிலேயே இந்தப் பேச்சு. ஐவரில் இருவர் வைத்தியர்கள், ஒருவர் கணக்காளர், மற்ற இருவரும் ஆசிரியைகள். சில வருடங்களாக, அமெரிக்காவில் படிக்க விரும்பும் எமது பாடசாலைப் பிள்ளைகளுக்கு விண்ணப்பங்களில் உதவி வருகிறோம். இங்கே ஒன்றிரண்டு வருடம் படித்துவிட்டு அங்கே மூன்றாம் வருடத்தில் சேர்வோரை 'ட்ரான்ஸ்பர்' மாணவர் என்பார்கள். அவர்களைப் பற்றித்தான் பேசச் சொன்னார்கள். எங்கள் பிழையிலிருந்து தொடங்குகிறோம்.

எங்களிடம் முதலில் வந்த தங்கைக்கு உயிரியல் பிரிவில் நல்ல பெறுபேறு, ஆனால் மருத்துவபீட வெட்டுப்புள்ளி கிடைக்கவில்லை. தகப்பனார் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. அமெரிக்கக் கிரெடிட் தரும் தனியார் நிறுவனம் ஒன்றில் கொழும்பில் இரண்டு வருடம் படி, பிறகு அங்கே போய் இரண்டு வருடம் படி, செலவு பாதியாகும் என்று நாங்கள்தான் சொன்னோம். கணக்கு சரியாகத்தான் தெரிந்தது.

இரண்டு வருடமும் பிள்ளை நன்றாகப் படித்தாள். பல இடங்களில் அனுமதி கிடைத்தது. அதன் பிறகுதான் புலமைப்பரிசில் பக்கங்களின் அடியில் சிறிய எழுத்தில் இருந்ததை வாசித்தோம். அவள் தெரிவுசெய்த பல்கலைக்கழகத்தின் பெரிய திறமைப் புலமைப்பரிசில்கள் எல்லாம் பாடசாலையிலிருந்து நேரடியாக வருவோருக்கு மட்டும். இடையில் வருவோருக்கு அதில் கால்வாசிகூட இல்லை. அவளைவிடக் குறைந்த பெறுபேற்றோடு உயர்தரம் முடித்த கையோடு போன இன்னொரு பிள்ளை, அதே இடத்தில் அவளைவிடக் கூடிய பணம் பெற்றுக்கொண்டிருந்தாள்.

அத்தோடு முடியவில்லை. கொழும்பில் எடுத்த 60 கிரெடிட்டில் 14ஐ அந்தப் பல்கலைக்கழகம் அவளது பட்டத்துக்குக் கணக்கில் எடுக்கவில்லை. புலமைப்பரிசில் நான்கு தவணைக்குத்தான். படிப்பு ஐந்தாவது தவணைக்குப் போய்விட்டது. "அக்கா, இன்னும் ஒரேயொரு செமஸ்டர்தான். என்ன செய்யிறது?" என்று இரவு 2 மணிக்கு அழுதுகொண்டு எடுத்தாள். பாதியை நாங்கள் ஐவரும் போட்டோம். மிச்சத்துக்குத் தகப்பனார் வயற்காணியை ஈடு வைத்தார். பட்டம் முடித்தாள், வேலை எடுத்தாள், காணியையும் மீட்டாள். இதை இங்கே சொல்லலாமா என்று கேட்டபோது, "சொல்லுங்கோ, அப்பான்ர பேரை மட்டும் சொல்லாதேங்கோ" என்றாள்.

ஆகவே தங்கைமாரே, இரண்டாம் பாதிக்கு யார் பணம் தருவார் என்பதை முதற் பாதியைத் தொடங்கமுன் கேளுங்கள். உயர்தரப் பெறுபேறு நன்றாக இருந்து, இன்னும் எங்கும் சேராமல் இருந்தால், முதலில் புதிய மாணவியாகவே விண்ணப்பித்துப் பாருங்கள். வீட்டில் சும்மா இருப்பதைவிட ஏதாவது படிக்கட்டும் என்று பெற்றோர் சேர்த்துவிடும் ஆறு மாத வகுப்பே சில இடங்களில் உங்களை ட்ரான்ஸ்பர் மாணவியாக்கிவிடும். எத்தனை கிரெடிட் வரை புதிய மாணவியாகக் கொள்வார்கள் என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். அனுமதி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டால் பதில் தருவார்கள். அந்தப் பதிலை அழிக்காமல் வையுங்கள்.

ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. கல்லூரிகளைத் தேடும்போது புலமைப்பரிசிலின் தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு பிள்ளைக்கு இரண்டு கடிதம் வந்தது. ஒன்றில் வருடம் 25,000 டொலர் புலமைப்பரிசில், மொத்தச் செலவு 58,000. மற்றதில் 6,000தான், ஆனால் மொத்தச் செலவு 24,000. முதலாவதைத்தான் வீட்டில் எல்லோருக்கும் காட்டினார்கள். கையிலிருந்து கட்டவேண்டியது அதில் 33,000, மற்றதில் 18,000. இந்தக் கழித்தலை மூன்றாம் வகுப்பிலேயே எங்கள் ரீச்சர் சொல்லித்தந்துவிட்டார்.

எங்கள் கணக்காளர் தோழி கண்டுபிடித்த ஒரு வழியைச் சொல்கிறோம். அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் ஒவ்வொரு வருடமும் 'கொமன் டேற்றா செற்' என்ற பெயரில் ஒரே அமைப்பிலான தரவுத்தாளை வெளியிடுகின்றன. கல்லூரியின் பெயரோடு அந்தச் சொற்களையும் சேர்த்துத் தேடினால் வரும். அதில் டி பகுதியில் எத்தனை ட்ரான்ஸ்பர் மாணவர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு அனுமதி கிடைத்தது என்று இருக்கும். எச் பகுதியில் 6ஆவது கேள்வி, வெளிநாட்டு மாணவருக்குக் கல்லூரி பணம் கொடுக்கிறதா, எத்தனை பேருக்கு, சராசரியாக எவ்வளவு என்பது. விளம்பரப் படத்தில் சிரிக்கும் முகங்களைவிட அந்த ஒரு வரி கூடச் சொல்லும். அந்த எண்ணிக்கையில் ட்ரான்ஸ்பர் மாணவர் தனியாகப் பிரிக்கப்படுவதில்லை. அதை மட்டும் எழுதிக் கேட்கவேண்டும்.

சமூகக் கல்லூரி என்ற இரண்டு வருடக் கல்லூரிகள் வெளிநாட்டவருக்கு மலிவு என்று ஒரு கதை உலாவுகிறது. உள்ளூரவரைவிட எங்களிடம் பல மடங்கு அறவிடுவார்கள். என்றாலும் பல்கலைக்கழகக் கட்டணத்தோடு பார்த்தால் பெரும்பாலும் குறைவுதான். அங்கே படிப்பதில் இன்னொரு நன்மை உண்டு. 'பை தீற்றா கப்பா' என்பது இரண்டு வருடக் கல்லூரி மாணவருக்கென 1918இல் தொடங்கிய சங்கம். புள்ளிச் சராசரி ஏறத்தாழ 3.5 இருந்தால் அழைப்பார்கள். அதன் உறுப்பினருக்கென்றே ட்ரான்ஸ்பர் புலமைப்பரிசில் ஒதுக்கும் பல்கலைக்கழகங்கள் நிறைய. வெளிநாட்டு மாணவரும் சேரலாம். சேர்வதற்குப் பணம் கேட்கிறார்களே, ஏமாற்றோ என்று பயந்து அழைப்பைத் தூக்கி எறிந்த பிள்ளையும் எங்களிடம் உண்டு.

இன்னொன்று, வெளிநாட்டு மாணவரிடமும் மாநிலத்தவரின் கட்டணத்துக்குக் கிட்டத்தட்ட வாங்கும் அரச பல்கலைக்கழகங்கள். மினசோட்டாவின் சென்ற் கிளவுட் அரச பல்கலைக்கழகத்தில், தமது பண்பாட்டை ஊராரோடு பகிரும் பணிக்கு ஈடாக அப்படியொரு சலுகை நீண்டகாலம் நடந்துவந்தது. விதிகள் வருடத்துக்கு வருடம் மாறும், நீங்கள் போகும் வருடத்தின் விதியைக் கேளுங்கள். பெயர் தெரியாத இடம் என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். குளிரும் கடுமைதான்.

பணம் கட்டமுன், எந்தெந்தக் கிரெடிட்டை ஏற்கிறார்கள், எத்தனை தவணையில் பட்டம் முடியும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் படித்த ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் முத்திரையோடு எடுத்து வையுங்கள். "உயிர் இரசாயனம்" என்ற பெயர் மட்டும் போதாது. என்ன படித்தீர்கள், ஆய்வுகூடம் எத்தனை மணித்தியாலம் என்று கேட்பார்கள். அந்தத் தாள்கள் இருந்திருந்தால் எங்கள் முதற் தங்கையின் 14 கிரெடிட்டில் பாதியையாவது மீட்டிருக்கலாம்.

வேலையைப் பற்றிப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மாணவர் வீசாவில் போகும் பிள்ளை தவணைக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம், அதுவும் கல்லூரி வளாகத்துக்குள்தான் வேலை செய்யலாம். மாமாவின் பெற்றோல் நிலையத்தில் பின்னேரம் நின்றால் செலவைச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பிடிபட்டால் வீசா போகும், படிப்பும் போகும். மாமாவுக்கும் சிக்கல். ஒவ்வொரு தவணையும் குறைந்தது 12 கிரெடிட் படிக்கவும் வேண்டும், ஆகவே பாடத்தைக் குறைத்துப் பணத்தை மிச்சம் பிடிக்கவும் முடியாது.

இறுதியாக, வைத்தியர்கள் என்ற முறையில் இதைச் சொல்லாமல் போக முடியாது. இங்கே மருத்துவம் கிடைக்காவிட்டால் அமெரிக்காவுக்கு மாறிப் போய் வைத்தியராகலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். அங்கே முதலில் ஒரு பட்டம் முடித்த பிறகுதான் மருத்துவக் கல்லூரி. அவற்றிற் பல வெளிநாட்டவரின் விண்ணப்பத்தையே ஏற்பதில்லை. ஏற்பவற்றிலும் சில, முழுப் படிப்புக்குமான பணத்தை முன்கூட்டியே காட்டச் சொல்லும். நாங்கள் இருவரும் இங்கேயே படித்து, பிறகு அங்கே பரீட்சைகள் எழுதிப் போனவர்கள். எங்களைக் காட்டி உங்களை யாரும் அனுப்பவேண்டாம். எங்கள் முதற் தங்கை இன்று ஓர் ஆய்வுகூடத்தில் புற்றுநோய்க் கலங்களோடு வேலை செய்கிறாள். வைத்தியராகவில்லை என்ற கவலை அவளுக்குப் போய்விட்டது. தாயாருக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

கொழும்பில் புல்பிரைட் ஆணைக்குழுவில் அமெரிக்கக் கல்விக்கான ஆலோசனை நிலையம் இருக்கிறது. முகவருக்குப் பணம் கொடுக்கமுன் அங்கே ஒரு தடவை கேளுங்கள்.

நாளையும் நாளை மறுநாளும் காலை 9 மணி முதல் நூலகத்தில் இருப்போம். சான்றிதழ்களைக் கொண்டுவாருங்கள். '95 இடப்பெயர்வில் மழைக்குள் நாங்கள் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனவை அந்தத் தாள்கள்தான். எனவே மூலப்பிரதியை வீட்டில் வைத்துவிட்டு, நிழற்பிரதியோடு வந்தால் போதும். அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.