பாரிசவாதத்துக்குப் பின் மீண்டும் நடத்தல்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் எழுவான்கரை மணற்பரப்பிலே செட்டிபாளையம் என்னும் ஊர் இருக்கிறது. அவ்வூர்ப் பெரியவர் ஒருவரை மனத்திலே எண்ணிக்கொள்ளுங்கள். குருக்கள்மடத்துத் துறையிலே பாதையேறி, வாவியைக் கடந்து அம்பிலாந்துறையில் இறங்கி, படுவான்கரை வயலைப் பார்த்துவருவது அவர் வழக்கம். ஒருநாட் காலை அவருடைய வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன, பேச்சுக் குழறியது. வைத்தியசாலையிலே உயிர் காக்கப்பெற்று வீடு திரும்பிவிட்டார். “இனி இவர் நடப்பாரா?” என்பதே வீட்டாரின் கேள்வி. அதற்கு இன்று விடை காண முயல்வோம்.

பாரிசவாதத்திலே கெடுவது காலன்று. காலை ஆளும் மூளைப் பகுதியே. குருதிக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ அப்பகுதியின் கலங்கள் இறக்கின்றன. இறந்தவை மீள்வதில்லை. ஆயினும், எஞ்சிய கலங்கள் அவ்வேலையை ஓரளவுக்குக் கற்றுக்கொள்ள வல்லன. ஏடு தொடக்கிய பிள்ளை ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதிப் பழகுவதுபோல, மூளையும் ஒரே செயலைப் பன்முறை செய்தே பழகுகிறது. எண்ணெய் தேய்ப்பது உடம்புக்கு இதந் தரலாம். நடையோ, நடந்து பழகுவதனாலேயே வரும்.

“பெரிய நகரங்களில் உள்ள இயந்திரங்கள் நமக்கு இல்லையே!” என்று ஏங்குவோர் உளர். அமெரிக்காவிலே 408 நோயாளரைக் கொண்டு நடத்தப்பெற்ற ஓர் ஆய்வு 2011இல் வெளியாயிற்று. ஒரு சாரார், உடற்பாரத்தை மேலிருந்து வார்கள் தாங்க, ஓடும் பட்டியின்மேல் நடந்து பழகினர். மற்றொரு சாரார், இயன்மருத்துவர் வீடு தேடி வந்து கற்பித்த வலுப் பயிற்சியையும் சமநிலைப் பயிற்சியையும் செய்தனர். ஓராண்டு முடிவிலே நூற்றுக்கு 52 பேரின் நடை மேம்பட்டிருந்தது. இயந்திரத்தார் வீட்டாரை விஞ்சவில்லை. ஆறாம் மாதத்திலே இயந்திரப் பயிற்சி தொடங்கியோரும் அதே நிலையை எட்டினர். ஆகவே, காலம் கடந்துவிட்டதென்று கைவிடுதல் தகாது.

அப்படியாயின் வீட்டார் தாமே எல்லாவற்றையும் செய்துகொள்ளலாமா? இந்தியாவிலே 14 வைத்தியசாலைகளில், 1250 நோயாளரிடம் இது சோதிக்கப்பெற்று, முடிவு 2017இல் வெளியாயிற்று. குடும்பத்தவருக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டிலே அவர்களே சிகிச்சையைத் தொடரச் செய்தார்கள். ஆறு மாதத்தின் பின், வழக்கமான கவனிப்பைப் பெற்றோரைவிட இவர்கள் மேலான நிலையை அடையவில்லை. இரு பிரிவிலும் நூற்றுக்கு 47 பேர் இறந்தோ, பிறர் உதவியை நம்பியோ இருந்தனர். இவ்விரண்டு ஆய்வுகளையும் சேர்த்து நோக்கும்போது நான் கொள்ளும் கருத்து இதுவே: இயந்திரம் இல்லாதது பெருங்குறையன்று; இயன்மருத்துவரின் கண் இல்லாததே குறை. எந்தத் தசை சோர்ந்தது, எந்தப் பயிற்சியை எப்போது கடினமாக்குவது என்பவற்றை அவரே அறிவார். அரச வைத்தியசாலைகளிலே இச்சேவைக்குக் கட்டணமில்லை. வீடு வந்ததும் கிளினிக்கை நிறுத்திவிடாதீர்கள்.

அவர் கற்பித்ததைப் பழகும் இடம் வீடு. முதலிலே கட்டில் விளிம்பில் உட்காரவேண்டும். பின்னர் கதிரையிலிருந்து எழுந்து உட்கார்ந்து பழகவேண்டும். விறாந்தையின் சீமெந்துத் தரையிலே நடை நிலைத்த பின்னரே முற்றத்து மணலில் இறங்கவேண்டும். பொல்லு நல்ல கையிலே இருக்கட்டும். படியேறும்போது நல்ல காலும், இறங்கும்போது நோயுற்ற காலும் முந்தட்டும். சட்டை போடுகையில் நோயுற்ற கையை முதலில் நுழைக்கவேண்டும். கிணற்றடியிலே கதிரை போட்டு அதில் இருந்து குளிக்கட்டும். தூக்கிவிடுகையில் நோயுற்ற கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்கலாகாது, தோள்மூட்டு கெட்டுவிடும்.

இன்னொன்று சொல்லவேண்டும். அன்பின் மிகுதியாலே மகள் சோறூட்டுகிறாள்; மகன் தூக்கிச் செல்கிறான். அந்த அன்பு, தந்தை தாமே செய்யக்கூடிய வேலையை அவரிடமிருந்து பறித்துவிடுகிறது. பயன்படாத கை பயனற்ற கையாகவே நின்றுவிடும். அருகிலே நில்லுங்கள், விழாமற் காத்துக்கொள்ளுங்கள், சற்றுப் பொறுத்திருங்கள். ஒரு பிடி சோறு அள்ள அவருக்குப் பத்து நிமிடம் ஆனாலும், அதுவே அவருக்கு மருந்து. குருதியமுக்கத்துக்குத் தந்த மாத்திரையையும் விட்டுவிடலாகாது. இரண்டாம் முறை வரும் வாதம் ஈட்டியதையெல்லாம் அழித்துவிடும்.

எல்லாரும் பழைய நடையை முழுமையாகப் பெறுவர் என்று நான் கூறமாட்டேன். சிலர் பொல்லோடு நடப்பர். சிலர் சில்லுக் கதிரையில் இருந்தபடியே தம் அலுவலைத் தாமே பார்த்துக்கொள்வர். அதுவும் வெற்றியே. அந்தப் பெரியவருக்கு ஓர் இலக்கைக் கொடுங்கள்: இன்று படலை வரை, அடுத்த மாதம் ஒழுங்கை முடிவு வரை, வைகாசிச் சடங்குக்குக் கண்ணகி அம்மன் கோவில் வாசல் வரை. அங்கே அவர் தம் காலால் சென்று நின்றால், அன்று அந்த வீட்டுக்கே விடிவு.