வேடந்தாங்கல் பறவைகளும் நீர்க்கட்டிகளும்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மேடையில் பறவைகளைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். ஏரி நீரோடு நம் முன்னோர்க்கு இருந்த தொடர்பை அறிந்தோர் அவ்வாறு எண்ணார்.

செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரி ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்பே உடையது. வடகிழக்குப் பருவமழையில் அது நிரம்பியதும் நத்தைக்குத்தி நாரை, வக்கா, நீர்க்காகம், அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் முதலியன வந்து, ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டுகின்றன. மரத்தடியில் தேங்கிய நீரே குஞ்சுகளுக்கு அகழி. அது வற்றினால் நாயும் பூனையும் வந்துவிடும். பறவைகள் கூட்டைத் துறந்து செல்வதும் உண்டு. எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை உணர்ந்த ஊரார் பறவைகளைக் காத்தனர். சிப்பாய்கள் சுட்டதை எதிர்த்து அவர்கள் முறையிட, 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு ஆணை வழங்கினார் என்பர்.

‘ஊரார்’ என்ற ஒரு சொல்லோடு நூல்கள் நின்றுவிடுகின்றன. அச்சொல்லுக்குள் அடங்கியோர் யார் யார் என்று நாம் கேட்க வேண்டாமா? தமிழகத்து ஏரிகள் பலவற்றில் மதகைத் திறந்து அடைத்தும், வரத்துக்காலைச் செப்பனிட்டும், வெள்ள இரவில் கரையைக் காத்தும் நின்றவர் நீர்க்கட்டிகள். அவர்களுள் பெரும்பாலோர் நம்மவர். களத்தில் அளந்த நெல்லே அவர்கள் பெற்ற கூலி. அந்நீர் பாய்ந்த நிலமோ பலருக்குச் சொந்தமில்லை. பிறப்பைக் காட்டிச் சுமத்தப்பட்ட வேலையை நாம் புகழ வரவில்லை. ஆயினும் ஏரியில் எத்தனை நாளைக்கு நீர் நிற்கும் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொன்ன அவர்களது அறிவு, எழுதப்படாமலே மறைகின்றது.

இனி, கூடு கட்டும் ஏரியை மட்டும் காத்தால் போதாது. பறவைகள் இரை தேடுவது சுற்றியுள்ள வயல்களிலும் சிற்றேரிகளிலும். நத்தைக்குத்தி, பெயருக்கேற்ப, நத்தையைக் கொண்டே குஞ்சு வளர்க்கிறது. வயலில் பூச்சிமருந்து, தூர்ந்த வரத்துக்கால், ஏரிக்குள் சீமைக்கருவேலம், மேடாக்கிய மனை எல்லாம் அந்த இரையைக் குறைக்கின்றன. சுற்றிலும் 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் என 1998-ல் அறிவித்ததன் பொருள் அதுவே. 2020-ல் அவ்வெல்லையைச் சுருக்கும் கருத்துரு வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. 2022-ல் வேடந்தாங்கல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பட்டியலில் இடம்பெறாத ஏரிகளோ பல.

நீர்க்கட்டியாக இருந்த முதியோர் நம் ஊர்களில் இன்னும் சிலர் உளர். விலங்கியலும் தாவரவியலும் பயிலும் நம் மாணவர் இவ்விடுமுறையிலேயே அவர்களிடம் சென்று, எந்த ஏரியில் எப்பறவை எம்மாதம் கூடு கட்டிற்று, எவ்வாண்டோடு நின்றது என்று ஏட்டில் குறித்து வரட்டும்.